கதிர்வீச்சுக்குக் கணக்கு எழுதிய மனிதர்: யார் இந்த ரோல்ஃப் சீவர்ட்?

பெரிய மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், கேத் லேப், புற்றுநோய்க் கதிர்சிகிச்சைப் பிரிவு இவற்றில் வேலை பார்ப்பவர்களின் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? ஐடி கார்டு தவிர இன்னொரு சின்ன பேட்ஜும் குத்தியிருப்பார்கள். பேர், போட்டோ எதுவும் பெரிதாகத் தெரியாது. அதற்கு டி.எல்.டி. பேட்ஜ் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போகும். அந்த ஊழியரின் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்று ஓர் எண் திரும்பி வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகு மில்லிசீவர்ட்.

மீட்டர், கிலோகிராம் போல சீவர்ட்டும் ஏதோ ஓர் அறிவியல் சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ரோல்ஃப் மாக்சிமிலியன் சீவர்ட். சுவீடன் நாட்டு இயற்பியலாளர். மருத்துவமனையில் கதிர்வீச்சைக் கையாளுபவர்கள் விரலையும் கையையும் உயிரையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், இதை அளந்தே ஆக வேண்டும் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர். இன்று ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் பல வேலைகளுக்கு அவருடைய ஆய்வகம் ஒரு தொடக்கப்புள்ளி.

அவர் என்ன செய்தார்? எப்படி ஒரு அலகாகவே மாறினார்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

கேபிள் கம்பெனி முதலாளியின் மகன்

1896 மே 6. ஸ்டாக்ஹோமில் பிறந்தார் ரோல்ஃப். அவர் பிறப்பதற்குச் சுமார் ஆறு மாதம் முன்புதான், 1895 நவம்பரில், ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தார். 1896 தொடக்கத்தில் பாரிஸில் ஹென்றி பெக்கரல், யுரேனியம் தானாகவே கதிர்களை வெளியிடுவதைக் கவனித்தார். ஆக, கதிர்வீச்சு அறிவியலும் ரோல்ஃப் சீவர்ட்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்.

அப்பா மாக்ஸ் சீவர்ட், ஜெர்மனியிலிருந்து சுவீடனுக்குக் குடியேறிய தொழிலதிபர். ஸ்டாக்ஹோமை ஒட்டிய சுண்ட்பிபெர்க் என்ற ஊரில் அவர் தொடங்கிய மின்கம்பித் தொழிற்சாலை அந்த ஊரின் முகத்தையே மாற்றியது. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால், ரோல்ஃபுக்குப் பதினேழு வயது இருக்கும்போது, 1913-ல் அப்பா இறந்துவிட்டார். சொத்து வந்தது. கம்பெனிப் பொறுப்பில் உட்காரும் ஆசை மகனுக்கு வரவில்லை.

அடுத்த சில ஆண்டுகள் அவருக்கு எந்தத் திசையில் போவது என்றே பிடிபடவில்லை போலிருக்கிறது. கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பிறகு பொறியியல் பக்கம் போனார். அதையும் விட்டு உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1919-ல் பட்டம் வாங்கினார். கோர்ஸ் மாறி மாறிப் படித்தவர்களைப் பார்த்து ஊர் சொல்லும் வார்த்தை எல்லாக் காலத்திலும் ஒன்றுதானே! ஆனால் மருத்துவம், பொறியியல், இயற்பியல் என்று அவர் தொட்ட மூன்றும் பின்னால் ஒரே வேலையில் ஒன்றுசேர்ந்தன.

கையையே சோதனைப் பொருளாக்கிய காலம்

அவர் செய்த வேலையின் அருமை புரிய வேண்டும் என்றால், அந்தக் காலத்து எக்ஸ்ரே அறை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

எக்ஸ்ரே வந்த புதிதில் எல்லோருக்கும் அது ஓர் அதிசயம். உடம்பைக் கிழிக்காமலேயே எலும்பைப் பார்க்கலாம். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, மருத்துவர்கள் தங்கள் சொந்தக் கையையே அதன் முன்னால் நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்குப் பல முறை. வலி இருக்காது, சூடு இருக்காது. சில வாரம் கழித்துத் தோல் சிவக்கும். பிறகு உரியும், புண்ணாகும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் புற்றுநோய்.

அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் ஆய்வகத்தில் எக்ஸ்ரே சோதனைகள் செய்த கிளாரன்ஸ் டாலி இப்படித்தான் இரண்டு கைகளையும் இழந்து, 1904-ல் இறந்துபோனார். அதற்கு முன்பே எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியைக் கைவிட்டிருந்தார். 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில், கதிர்வீச்சுக்குப் பலியான மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், செவிலியர்களுக்காக நினைவுத்தூண் எழுப்பினார்கள். முதலில் பொறித்தது 169 பெயர்கள். பின்னால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ரேடியம் இன்னும் மோசம். எக்ஸ்ரே இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ரேடியத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். புற்றுக்கட்டியை அழிக்க ரேடியத்தைச் சின்னக் குழாய்களிலும் ஊசிகளிலும் அடைத்து, நோயாளியின் உடம்புக்குள் வைப்பார்கள். அதைத் தயார் செய்வது, எடுத்துக் கொடுப்பது, கழுவி வைப்பது எல்லாம் மனிதக் கைகள்தான். நோயாளிக்குச் சிகிச்சை சில நாளில் முடிந்துவிடும். அங்கே வேலை பார்ப்பவருக்கோ தினமும் கதிர்வீச்சு.

சரி, இந்த ஆபத்து அப்போது யாருக்குமே தெரியாதா? தெரியும். ஈயத் தடுப்பு, ஈயக் கையுறை எல்லாம் வந்துவிட்டன. ஆனால், எவ்வளவு தடிமன் போதும்? எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? இந்தக் கேள்விகளுக்குப் பொதுவான பதில் இல்லை. காரணம் எளிது. கதிர்வீச்சை எப்படி அளப்பது என்பதிலேயே அப்போது ஒருமித்த முறை கிடையாது. தோல் சிவந்தால் அதிகம், சிவக்கவில்லை என்றால் பரவாயில்லை. கிட்டத்தட்ட அதுதான் அன்றைய அளவுகோல்!

சம்பளம் வேண்டாம், ஆய்வகம் போதும்

ஸ்டாக்ஹோமில் 1910-ல் ரேடியும்ஹெம்மெட் என்ற புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டிருந்தது. சுவீடிஷ் மொழியில் ரேடிய இல்லம் என்று பொருள். இதை வளர்த்தெடுத்தவர் கோஸ்டா ஃபோர்செல் என்ற கதிரியல் மருத்துவர். சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்யும் ஸ்டாக்ஹோம் முறை உலகெங்கும் பேசப்பட்டது.

1920-களின் தொடக்கத்தில் இளைஞர் சீவர்ட் இந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கையில் அப்பா விட்டுச்சென்ற பணம் இருந்தது. சம்பளத்தை எதிர்பார்க்காமல், சொந்தச் செலவில் இங்கே ஓர் இயற்பியல் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பினார். 1924-ல் அதன் தலைவரானார். மருத்துவமனைக்குள் இயற்பியலாளர் ஒருவர் முழுநேரமாக உட்காருவதே அன்று புதுமை. இன்று மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் என்று ஒரு வேலை இருக்கிறதே, அதன் முன்னோடிகளில் ஒருவர் அவர்.

1921-லேயே அவர் ஒரு கணிதப் பிரச்சினையைத் தீர்த்திருந்தார். உலோக உறைக்குள் இருக்கும் ரேடியக் குழாயைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழும் என்பதைக் கணக்கிடும் முறை அது. சீவர்ட் தொகையீடு என்ற பெயரில் கதிர்சிகிச்சை படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். கட்டிக்கு எவ்வளவு போகிறது, பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்புக்கு எவ்வளவு போகிறது என்பது குத்துமதிப்பிலிருந்து கணக்குக்கு மாறத் தொடங்கியது.

பட்டாணி அளவில் ஒரு கருவி

கணக்கு காகிதத்தில் சரி. நிஜத்தில் அளக்க வேண்டுமே! அதற்கு அவர் உருவாக்கிய சின்னக் கருவிதான் சீவர்ட் அறை.

இது எப்படி வேலை செய்கிறது? உங்கள் போனை ஃபுல் சார்ஜ் போட்டு ஒரு இடத்தில் வைக்கிறீர்கள். சாயங்காலம் வந்து எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், இடையில் எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும் இல்லையா? கிட்டத்தட்ட அதே யோசனைதான். பட்டாணி அளவுக்குச் சின்னதான ஓர் அறைக்குள் மின்னூட்டம் ஏற்றிவிடுவார்கள். கதிர்வீச்சு பட்டால் உள்ளே இருக்கும் காற்று அயனியாகி, அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கடைசியில் மிச்சத்தை அளந்தால், அங்கே எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்று தெரிந்துவிடும்.

இதன் பெரிய வசதி, வயர் இணைப்பு தேவையில்லை. நோயாளியின் உடம்பில் சிகிச்சை நடக்கும் இடத்திலேயே வைக்கலாம். அறையின் மூலையில் வைக்கலாம். வேலை செய்பவர் மீதும் பொருத்தலாம். இன்றைய டி.எல்.டி. பேட்ஜ் வேலை செய்யும் விதம் வேறு. அதில் இருப்பது, வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும் படிகம். ஆனால் தேவை ஒன்றேதான். ஒரு மனிதர் எவ்வளவு வாங்கினார் என்பது அவருடைய தோல் சொல்வதற்கு முன்னால் ஒரு கருவி சொல்ல வேண்டும்.

இந்த அளவீட்டு ஆராய்ச்சிக்காகவே 1932-ல் உப்சாலாவில் முனைவர் பட்டம் பெற்றார்.

1925: எவ்வளவு வரை தாங்கலாம்?

அளக்கக் கருவி வந்துவிட்டது. அடுத்த கேள்வி, எந்த எண்ணில் நிறுத்துவது?

1925-ல் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாமல், இதற்குப் பதில் சொல்ல முயன்றார்கள். ஒருவர் அமெரிக்காவில் இருந்த ஆர்தர் முட்ஷெல்லர். இன்னொருவர் சீவர்ட். தோலைச் சிவக்க வைக்கும் கதிர்வீச்சின் அளவை இருவரும் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அதில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார் முட்ஷெல்லர். ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார் சீவர்ட். கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்றைய அலகில் இது ஆண்டுக்குப் பல நூறு மில்லிசீவர்ட். இப்போதைய விதிகளோடு ஒப்பிட்டால் ரொம்ப அதிகம். ஆனால், அதுவரை எல்லையே இல்லாத இடத்தில் ஒரு எல்லை வந்தது. அந்த எண் தவறாக இருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எண்ணே இல்லையென்றால் திருத்த என்ன இருக்கிறது?

ஸ்டாக்ஹோமில் கூடிய உலகம்

1928-ல் இரண்டாவது சர்வதேசக் கதிரியல் மாநாடு ஸ்டாக்ஹோமில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஃபோர்செல். கதிர்வீச்சை அளக்க ரான்ட்ஜென் என்ற பொது அலகு இங்கேதான் ஏற்கப்பட்டது. இதே மாநாட்டில், எக்ஸ்ரே மற்றும் ரேடியப் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழுவும் பிறந்தது. அதன் நிறுவன உறுப்பினர்களில் 32 வயது சீவர்ட்டும் ஒருவர். 1950-ல் அந்தக் குழுவே பெயர் மாறி, சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஆனது. சுருக்கமாக ஐ.சி.ஆர்.பி. உலகின் பெரும்பாலான நாடுகள் தங்கள் சட்டங்களை எழுதும்போது இதன் பரிந்துரைகளைத்தான் இன்றும் பார்க்கின்றன.

அந்தக் குழுவின் முதல் பரிந்துரைகளைப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். அதில் கதிர்வீச்சு உச்சவரம்பாக எந்த எண்ணும் கிடையாது. எந்தச் சக்திக்கு எவ்வளவு தடிமனில் ஈயம் வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. அதோடு, வேலை நேரம் பற்றிய விதிகளும் இருந்தன.

- ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது.
- வாரத்துக்கு ஐந்து நாள்தான்.
- விடுமுறை நாட்களை முடிந்தவரை வெட்டவெளியில் கழிக்க வேண்டும்.
- ஆண்டுக்கு ஒரு மாதமாவது லீவு.

1928-லேயே வாரம் ஐந்து நாள் வேலை! இன்றைய ஐடி ஊழியர்கள் பொறாமைப்படும் பட்டியல்தான். ஆனால், இது சலுகை இல்லை. உடம்பு வாங்கும் அளவைக் குறைக்க அன்று கையில் இருந்த நேரடியான வழி, வேலை நேரத்தைக் குறைப்பது. 1934-ல்தான் அந்தக் குழு ஒரு நாளைக்கு 0.2 ரான்ட்ஜென் என்று முதல் எண்ணை அறிவித்தது.

ஆய்வகத்தை விட்டு வெளியே

பெரிய நகரத்து ஆராய்ச்சி மருத்துவமனையில் நல்ல கருவி இருக்கலாம், நிபுணர் இருக்கலாம். சின்ன ஊர் எக்ஸ்ரே அறையில் நிற்பவரை யார் பார்ப்பது? சீவர்ட்டின் ஆய்வகம் இந்தக் கேள்வியையும் கையில் எடுத்தது. அவருடைய ஆட்கள் அளவுக் கருவிகளோடு சுவீடனின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பயணம் செய்தார்கள். இயந்திரம் சொல்லும் அளவும் உண்மையில் வரும் அளவும் ஒன்றா, தடுப்புச் சுவர் தாண்டிக் கதிர் கசிகிறதா என்று பார்த்தார்கள்.

இதில் இரண்டு பேருக்கு நன்மை. ஒன்று, ஊழியர். இன்னொன்று, நோயாளி. கதிர்சிகிச்சையில் அளவு கூடினால் நல்ல திசு கருகும். குறைந்தால் புற்றுநோய் திரும்பி வரும். இரண்டுமே ஆபத்து. எனவே அளவு சரியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து சோதிப்பதற்கு அர்த்தம் இருந்தது.

மன்னர் ஐந்தாம் குஸ்தாவின் 70-வது பிறந்தநாளையொட்டி 1928-ல் மக்களிடம் திரட்டிய நிதி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பயனாக 1930-களின் பிற்பகுதியில் ரேடியும்ஹெம்மெட் புதிய கட்டடத்துக்கு மாறியது. கூடவே கதிர் இயற்பியலுக்கென்று தனி நிறுவனமும் அமைந்தது. 1937 முதல் அதை நடத்தியவர் சீவர்ட். 1941-ல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானார்.

அதே 1941-ல் சுவீடன் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. கதிரியல் வேலை செய்ய உரிமம் வேண்டும், மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். அந்த மேற்பார்வைப் பொறுப்பு சீவர்ட்டின் நிறுவனத்துக்கே வந்தது. அதுவரை ஆலோசனையாக இருந்தது இப்போது சட்டக் கடமையானது. மருத்துவமனை நிர்வாகம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆய்வு நடக்கும்.

வானத்திலிருந்து விழுந்த ஆபத்து

1945-க்குப் பிறகு எல்லாமே மாறிப்போனது. ஹிரோஷிமா, நாகசாகி. அதைத் தொடர்ந்து அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் போட்டி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. கதிரியக்கத் தூசி காற்றில் பரவி, மழையோடு எந்த நாட்டிலும் விழலாம் என்ற நிலை. சுவீடனுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. சோவியத் சோதனைத் தளமான நோவாயா ஸெம்லியா தீவு வடக்கே ஆர்க்டிக் கடலில்தான் இருந்தது.

மருத்துவமனைச் சுவருக்குள் இருந்த கேள்வி இப்போது ஒட்டுமொத்த மக்களுக்கான கேள்வியானது. சீவர்ட் 1950-களில் சுவீடன் முழுக்கக் கதிர்வீச்சு கண்காணிப்பு நிலையங்களை ஏற்படுத்தும் வேலையில் இறங்கினார். 1955-ல் ஐ.நா. சபை, அணுக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஓர் அறிவியல் குழுவை அமைத்தது. தொடக்கத்தில் 15 நாடுகள். அதில் இந்தியாவும் உண்டு, சுவீடனும் உண்டு. அந்தக் குழுவின் தலைவராகவும் சீவர்ட் பணியாற்றினார். 1958-லும் 1962-லும் வந்த அதன் அறிக்கைகள், சோதனைத் தூசி பற்றிய விவாதத்தை வதந்தியிலிருந்து தரவுக்கு இழுத்து வந்தன. 1963-ல் வெட்டவெளிச் சோதனைகளுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வீட்டுச் சுவரும் நம் உடம்பும்

தூசியால் எவ்வளவு கூடியது என்று சொல்ல வேண்டும் என்றால், அதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும் இல்லையா? எனவே இயற்கையாகவே நம்மைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சையும் சீவர்ட்டின் குழு அளந்தது.

சுவீடனில் ஆலம் ஷேல் என்ற பாறையிலிருந்து செய்த ஒருவகை கான்கிரீட்டில் பல வீடுகள் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பாறையில் யுரேனியம் உண்டு. அளந்து பார்த்தபோது அந்த வீடுகளின் சுவர்களே கதிர்வீச்சு தருவது தெரிந்தது. அங்கே தேங்கும் ரேடான் வாயு பின்னால் சுவீடனில் பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. மனித உடம்பே வெளியிடும் மெல்லிய காமா கதிரையும் அவர் அளந்தார். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் கொண்டது. ஆமாம், நாம் ஒவ்வொருவரும் கொஞ்சம் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்!

இந்த இயற்கைக் கணக்கில் நம் ஊர்ப்பக்கமும் உண்டு. கேரளக் கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிப் பகுதியிலும் மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. அதனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம்.

குறைந்துகொண்டே வந்த எண்

1956 முதல் 1962 வரை ஐ.சி.ஆர்.பி. தலைவராக இருந்தார் சீவர்ட். அவர் தலைமை ஏற்ற 1956-ல்தான் ஊழியர்களுக்கான வரம்பு பெரிய அளவில் குறைக்கப்பட்டது. அதன் பயணத்தை இன்றைய அலகில் தோராயமாகப் பார்த்தால்:

- 1934: ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிசீவர்ட்
- 1950: சுமார் 150
- 1956: சராசரியாக 50
- 1990: ஐந்து ஆண்டுச் சராசரியாக 20

இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1935-ல் விதியை ஒழுங்காக மதித்து வேலை செய்த ஒரு செவிலியர்கூட, ஒரே ஆண்டில் இன்றைய 25 ஆண்டு அளவை வாங்கியிருக்க முடியும். அவரிடம் தவறில்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான்.

ஏன் இப்படிக் குறைந்தது? ஆரம்பத்தில், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடம்பு தாங்கிக்கொள்ளும், எதுவும் ஆகாது என்று நம்பினார்கள். தோல் சிவப்பதற்கு அது பொருந்தும். ஆனால் புற்றுநோய்க்கும் மரபணு மாற்றத்துக்கும் அப்படி ஒரு பாதுகாப்பான கோடு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் கேள்வியே மாறியது. எவ்வளவு வரை பரவாயில்லை என்பதற்குப் பதில், எவ்வளவு குறைவாக வைக்க முடியும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்போ வரம்பு என்பது என்ன? அதுவரை வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி இல்லை அது. அதற்கு மேல் போனால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்ற கோடு.

பெயர் அலகானது

1965-ல் சுவீடன் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காகத் தனி அரசு நிறுவனத்தை அமைத்தது. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் தொடங்கிய வேலை தேசிய அமைப்பாக நின்றதைப் பார்த்துவிட்டு, 1966 அக்டோபர் 3 அன்று ஸ்டாக்ஹோமில் காலமானார் சீவர்ட். வயது 70.

1979-ல் எடைகள், அளவுகளுக்கான சர்வதேச மாநாடு அவர் பெயரை அலகாக ஏற்றது. கதிர்வீச்சு ஒரு கிலோ திசுவில் எவ்வளவு ஆற்றலை இறக்குகிறது என்பதைச் சொல்வது கிரே என்ற அலகு. அதே ஆற்றல், எந்த வகைக் கதிர், எந்த உறுப்பில் பட்டது என்பதைப் பொறுத்து எவ்வளவு பாதிப்புக்கான வாய்ப்பைத் தரும் என்று கணக்கில் எடுப்பது சீவர்ட். சுருக்கமாக, கிரே இயற்பியல் கணக்கு. சீவர்ட் மனிதக் கணக்கு.

ஒரு சீவர்ட் என்பது ரொம்பப் பெரிய அளவு. குறுகிய நேரத்தில் உடம்பு முழுக்க வாங்கினால் வாந்தி, ரத்த அணுக் குறைவு என்று உடனடி நோயே வரலாம். அதனால் அன்றாடம் பேசுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டில்தான். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்கு வாங்குவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதைவிடக் குறைவு. வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேன் என்றால் 10-ஐ ஒட்டி வரலாம். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, சோவியத் அரசு வாய் திறப்பதற்கு முன்பே உலகுக்கு எச்சரிக்கை மணி அடித்த நாடு சுவீடன். ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. நாட்டின் கண்காணிப்பு நிலையங்களும் அளவு கூடியதைக் காட்டின. சீவர்ட் இறந்து 20 ஆண்டு ஆகியிருந்தது. தினமும் அளக்கும் பழக்கம் மட்டும் அந்த நாட்டில் நிற்கவில்லை.

இன்றைய மருத்துவமனையில் அவர் எங்கே இருக்கிறார்?

இந்தியாவில் இந்த விதிகளைக் கவனிப்பது 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களுக்கான வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. ஊழியர் கர்ப்பமாக இருப்பது தெரிந்த பிறகு, மீதிக் காலம் முழுக்கச் சிசு வாங்கும் அளவும் 1-ஐத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு இப்படிப்பட்ட வரம்பு கிடையாது. சிகிச்சையால் கிடைக்கும் நன்மை, ஆபத்தைவிட அதிகமா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனையில் இதையெல்லாம் கவனிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். பேட்ஜ் ரிப்போர்ட்டைப் பார்ப்பது, கதிர் கசிகிறதா என்று சோதிப்பது, கதிரியக்கப் பொருள் எங்கே இருக்கிறது என்று பதிவு வைப்பது, புதிதாக வரும் மாணவர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் அவர் வேலை. ஆராய்ச்சியும் படிப்பும் நடக்கும் மருத்துவமனையில் இது இன்னும் சிக்கல். ஆண்டுதோறும் புது மாணவர்கள், புது ஆய்வுகள், புது இயந்திரங்கள் வந்துகொண்டே இருக்கும்.

அடிப்படைப் பாடம் மூன்றே மூன்று. நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, தடுப்பை வை. சிறிய கதிர் மூலத்திலிருந்து நிற்கும் தூரத்தை இரண்டு மடங்காக்கினால், வாங்கும் அளவு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஓர் அடி பின்னால் நகர்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு சின்ன விஷயத்தில் உடைந்துபோகும். பேட்ஜை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலைக்குள் போனால், ரிப்போர்ட்டில் எண் அழகாக, குறைவாக வரும். உடம்பு வாங்கியது மட்டும் குறையாது. ரீடிங் கூடினால் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் யாராவது பேட்ஜைக் கழற்றி வைத்தால், பிரச்சினை அந்த ஊழியரோடு முடிந்துவிடுவதில்லை. எண்ணைப் பார்த்து ஆளைத் திட்டும் இடத்தில் எண் மறைக்கப்படும். எண்ணைப் பார்த்து அறையைச் சரிசெய்யும் இடத்தில்தான் எண் உண்மையாக வரும்.

சீவர்ட்டின் காலத்தில் கதிர்வீச்சால் இறந்தவர்களில் பலருக்கு, தாங்கள் எவ்வளவு வாங்கினோம் என்பது கடைசி வரை தெரியாது. அவர்கள் பெயர் ஹாம்பர்க் தூணில் இருக்கிறது. எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு எங்கேயும் இல்லை. இன்று ஒரு ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் இளம் டெக்னீஷியனுக்கு அந்தக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வருகிறது. அதைக் கேட்டுப் பார்ப்பது அவர் உரிமை.

அடுத்த முறை ஸ்கேன் எடுக்கப் போகும்போது, இந்த ஸ்கேன் கட்டாயம் தேவையா, எத்தனை மில்லிசீவர்ட் இருக்கும் என்று நீங்களும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். பதில் சொல்ல அவரிடம் ஓர் அலகு இருக்கிறது.